விருந்தினர் முன் ஆடிய விலங்கு

செங்கா விரிகுடா,
4 ஜூலை 1998

அன்புள்ள எலிமாவுக்கு,

நீ நலமாகக் கண்விழித்தாய் என்றால் நானும் நலமாகவே கண்விழித்தேன். விடுதியில் ஓர் அறைகூடக் காலி இல்லை. காலையில் விருந்தினரைப் படகில் ஏற்றிப் பல்லித் தீவைக் காட்டுகிறேன். பகலில் நீர்யானைக் குட்டை. மாலையில் அவர்கள் ஏரியில் குளித்துவிட்டுக் கரையேறியதும் காட்டு விலங்கு வந்து ஆடுகிறது. சிவப்பு முகம், கோழி இறகு, உடம்பெல்லாம் கந்தல். எங்கிருந்து வருகிறதோ, யார் கண்டார்! நேற்று ஒரு ஜெர்மன்காரி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

தியாமிக்குக் காய்ந்த மீன் அனுப்பியிருக்கிறேன்.

உன் லமெக்


கச்சுலு,
9 ஜூலை 1998

தியாமியின் அப்பாவுக்கு,

மீன் வந்தது. உங்கள் மகள் பாதியை வழியிலேயே தின்றுவிட்டாள்.

விலங்கு என்று நாம் சொல்லும் ஆவி, இடுகாட்டிலிருந்து எழுந்து வருவது, படத்துக்கும் நிற்கிறதா? பெண்கள் எங்களுக்கு என்ன தெரியும்! விலங்கைக் கண்டால் அலறி ஓட வேண்டும், தூர நின்று பாட வேண்டும், உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று மூச்சுவிடக் கூடாது. கல்யாணமான இந்தப் பதினொரு வருடமாக நானும் விட்டதில்லை. அது இடது காலை இழுத்து ஆடுவதையும், மறுநாள் என் புருஷன் இடது முழங்காலுக்கு ஒத்தடம் கேட்பதையும் நான் சேர்த்துப் பார்த்ததே கிடையாது.

25ஆம் தேதி சனிக்கிழமை என் தாய்மாமனுக்கு நினைவுச் சடங்கு. அன்று சிவப்பு முகம் ஆடினால்தான் அவர் முன்னோரோடு சேர்வார், அம்மாவும் தலையில் கட்டிய துக்க ஓலையை அவிழ்ப்பாள். தம்பி போன நாளிலிருந்து கட்டியிருக்கிறாள், நெற்றியில் புண்ணே வந்துவிட்டது. அந்த விலங்கை எங்காவது பார்த்தால் தவறாமல் வரச் சொல்லுங்கள்.

எலிமா


செங்கா விரிகுடா,
18 ஜூலை 1998

எலிமா,

கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமை முப்பது பேர் வருகிறார்கள். 'ஏரி, நீர்யானை, ஆவி நடனம்' என்று அச்சடித்துக் கொடுத்தாயிற்று. கேட்டுப் பார்த்தேன். "ஆவிக்கெல்லாம் லீவு உண்டாப்பா?" என்று மேலாளர் சிரிக்கிறார். சடங்கைத் தள்ளிவைக்கச் சொல், இல்லாவிட்டால் வேறு முகம் ஆடட்டும். போனவர் கோபிக்கவா போகிறார்?

லமெக்


கச்சுலு,
27 ஜூலை 1998

லமெக்குக்கு,

தியாமியின் அப்பா என்று எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை மேளத்தைத் தீயில் காட்டி வைத்துக்கொண்டு ஊரே காத்திருந்தது. மதியம் அம்மா, "வரமாட்டானாடி?" என்று கேட்டாள். நான் ஒரு சைக்கிள்காரனைப் பிடித்து விடுதிக்கு வந்தேன்.

வேலி ஓரத்தில் காவலாளி மறித்தான். "பொம்பளைங்க கிட்ட வரக் கூடாது, விலங்கு அடிச்சிரும்" என்றான். உள்ளே வெள்ளைக்காரப் பெண்கள் அதன் தோளில் கைபோட்டு நின்றார்கள். அவர்களை அடிக்கவில்லையே! என் பயம் அங்கேயே செத்துப்போயிற்று. "லமெக்! ஊரே காத்துக் கிடக்கு, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

விஷயம் எனக்கு முன்னே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. முகமூடிக்குள் இருப்பவன் பேரைச் சொன்னதற்கு ஓர் ஆடும் மூன்று கோழியும் தண்டம்.

"தப்புன்னு ஒத்துக்கிறியா?" என்றார் ஊர்த் தலைவர்.

"ஆட்டைப் புடிச்சுக்குங்க. தப்புன்னு மட்டும் என் வாயால வராது" என்றேன்.

சிவப்பு முகத்துக்குப் பதிலாகத் தலைவர் ஒப்புக்கொண்ட வேறொரு முகம் நேற்று வந்து மாமாவுக்கு ஆடியது. அது யாரென்று எனக்குத் தெரியாது, கடைசிவரை தெரியவும் வேண்டாம். அலறி ஓடி, தூர நின்று பாடினேன். அம்மா ஓலையை அவிழ்த்தாள்.

உங்கள் பாய், மண்வெட்டி, கோடரி மூன்றையும் வெளியே வைத்திருக்கிறேன். இது என் தாய் வீட்டு மண். வந்த மருமகன் திரும்பும்போது கொண்டுபோவது அவ்வளவுதான்.

நான் கூப்பிட்டதை ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். அடுத்து நடந்தது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆவியாக இருந்திருந்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பியிருக்காது. நீங்கள் திரும்பினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகும் ஆடினீர்கள்.

எலிமா