பத்து நாள் தூக்கம்

கரவனெல்ல, 12.8.1928

அன்பு மகளுக்கு,

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.
1. மாப்பிள்ளையின் தூக்கம்.
2. நீ துரையிடம் பேசியது.
3. அந்தத் தைரியம் என்னிடமிருந்து உனக்கு வந்தது.

இரவெல்லாம் ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூட்டில் நெருப்பைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் பால்வெட்டப் போன மாப்பிள்ளை தனக்குத்தானே பேசி அழுதார். பைத்தியம் என்று தோட்டத்தை விட்டு அனுப்பவிருந்தார்கள்.

“பைத்தியமில்லீங்க தொரை, மூணு மாசமா தூக்கமில்ல. பத்து நாள் தூங்கட்டும், அவரு மரத்துலயும் நானே பால் வெட்டுறேன்” என்றாய். துரை சம்மதித்தார்.

பதினோராம் நாள் வந்து பார்த்தேன். “மாமா, உங்க மக என்னெத் தொட்டில்ல போடாததுதான் பாக்கி” என்று சிரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தும் நான் எந்தத் துரையையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. நீ துரையிடம் பேசிய அன்றும் உனக்குத் துணையாக வந்து, கங்காணியின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன்.

பெருமையுடன்,
உன் அப்பா