ஆறாவது பாட்டில் வரும் ஆள்

நவ. 12, செவ்வாய். விடிய மழை.

ஒருத்தி தன் கணவனைப் பற்றி எட்டுப் பாட்டு எழுதி, தொண்டை கிழியப் பாடிப் பதிவும் செய்துவிட்டு, அவனிடமே ஏன் திரும்பிப் போக வேண்டும்? எனக்கு விடை தெரியவில்லை. ஜெனியிடமே கேட்டேன்.

"தெரியாது அக்கா. நீங்கள்தானே கம்பஸில படிச்சனீங்கள்."

தங்கை.

ஜனவரியில் அவள் கணவன் அன்ரன் எறிந்த பீங்கான் தட்டு அவள் இடது மணிக்கட்டில் பட்டது. தையல். அன்றிலிருந்து என்னோடு. இப்போது எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமி சேர்த்து வைக்கப் பார்க்கிறார். சனிக்கிழமை என் வீட்டில் எல்லாரும் இருந்து கதைப்பதாம்.

வாங்க: தேயிலை, பால்மா, பிஸ்கட். குசினி ஒழுக்குக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

நவ. 14, வியாழன். மழை விட்டு விட்டு.

விடைத்தாள் ஒன்றும் திருத்தவில்லை. ஜெனியின் 'எட்டுப் பீங்கான்' பாட்டுகள் முழுவதையும் மறுபடி கேட்டேன். றிஸ்வானின் ஓட்டோ கராஜில், வேலை முடிந்த பின்னேரங்களில் பதிந்தது. அவன் டிரம்ஸ், அவள் கிற்றாரும் குரலும். பொழுதுபட மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னால் அவன் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவான். வாங்குக்கு முன் முடித்துவிடும் அவசரம் எல்லாப் பாட்டிலும். மூன்றாவதின் கடைசியில் துறைமுகத்துக் கப்பல் ஊதுகிறது. வெட்டவில்லை.

குறைகள்: டிரம்ஸ் சத்தம் கூட. ஐந்தாவது வெறும் திட்டு. தையலுக்குப் பிறகு விரல் முழுதாய் மடங்காததால் எல்லாவற்றிலும் அதே இரண்டு மூன்று கிற்றார் கோட்ஸ்.

தங்கை என்பதைக் கழித்துப் பார்த்தேன். அப்படியும் நல்லது. மிக நல்லது. கேட்டவர்கள் எங்கள் தெருவும் றிஸ்வானிடம் ஓட்டோ திருத்த வருகிறவர்களும்.

அன்ரனுக்கும் யாரோ போட்டுக் காட்டிவிட்டார்கள். கத்துகிற, எறிகிற ஆளைப் பற்றிய பாட்டுகளில் அவனுக்குக் கோபம் இல்லையாம். ஆறாவதுதான் பிரச்சினை. அதில் மட்டும் ஓர் ஆள் அன்பாக இருக்கிறான். நிலாவெளியில் பஸ் பழுதாகி நிற்க, தன் செருப்பை அவளுக்குக் கழற்றிக் கொடுத்து, மழையில் வெறுங்காலோடு இறக்கக்கண்டி வரை நடக்கிறான். 'என்ர காலில உன்ர செருப்பு, உன்ர காலில முழு றோட்டு.'

சுவாமியிடம் அன்ரன் சொன்னது: "அந்த ஆள் ஆர் எண்டு அவள் சொல்லட்டும். சொன்னாத்தான் கூட்டிக்கொண்டு போவன்."

நவ. 15, வெள்ளி. மூட்டம்.

அந்த ஆள் அன்ரன்தான்.

அவர்கள் கலியாணத்துக்கு முந்திய மாரிகாலம். நான் அப்போது இறக்கக்கண்டியில் படிப்பித்தேன். இருவரும் நனைந்தபடி என் வாசலில் வந்து நின்றார்கள். அவன் உள்ளங்காலில் உடைந்த போத்தல் ஓடு குத்தியிருந்தது. பிடுங்கி மருந்து போட்டது நான். வேறு சாட்சி இல்லை. அவன் மறந்துவிட்டான்.

நான் சொன்னால் நம்புவான். அவள் போவாள். அடுத்த பீங்கான் கையில்தான் படும் என்று யார் சொன்னது? நான் சொல்லாவிட்டால் எழும்பிப் போய்விடுவான். அவள் மிஞ்சுவாள். பொய்கூடத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருப்பது என்று முடிவு.

பின்னேரம் றிஸ்வான் வந்தான். விசயம் தெரிந்திருக்கிறது. "டீச்சர், ஜெனி போனா நான் ஆரோட சேந்து அடிக்கிற? சைலன்சரோடயா?" சிரிக்க முயன்றேன்.

பல வருடத்துக்குப் பிறகு செபித்தேன். என்ன கேட்டேன் என்று எழுத வெட்கம்.

நவ. 16, சனி. வெயில்.

சுவாமி பிஸ்கட்டைத் தொடவில்லை. அன்ரன் கதிரை நுனியில். ஆள் யார் என்று கேட்டான்.

"நீங்கள்தான்," என்றாள் ஜெனி.

"பகிடி விடாதை. நான் அப்பிடிச் செய்யிற ஆளே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். உங்களுக்கு ஏதும் தெரியுமா என்று சுவாமி என்னிடம் நேரே கேட்டார். ஞாபகமில்லை என்றேன். சும்மா இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஜெனி எழும்பிப் போய் அவன் முன்னால் நிலத்தில் குந்தினாள். வலது காலைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்காலில் தழும்பு அப்படியே இருந்தது. அவன் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழத் தொடங்கினான். சுவாமிக்குச் சந்தோசம்.

ஜெனியின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலை வரை நான் போனேன்.

"மருந்து போட்டது நீங்கள் அக்கா," என்றாள். கோபமாகக்கூட இல்லை.

மத்தியானத்துக்கு முன் அவர்கள் ஏறிய ஓட்டோ போய்விட்டது. கிற்றார் என் கட்டிலில்.