ஐந்தாம் நிலையிலிருந்து ஏற்றம்

அம்மான்,
8.3.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை ஜோர்தான் தேசத்திலிருந்து எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். உனக்குக் காது மந்தம் என்பதால் போனில் கத்திப் பயனில்லை. அதனால் எழுதி, படம் பிடித்து நிலாவுக்கு அனுப்புகிறேன். உன் மகள் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுத் தருவாள்.

எங்கள் திருப்பயணக் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி, மஞ்சள் துண்டு. தொலைந்து போனால் கண்டுபிடிக்கவாம். இன்று நெபோ மலைக்குப் போனோம். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டை இங்கிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை. ஃபாதர் அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருஷமாகச் சிலுவைப்பாதை ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சிலுவைக்குப் பின்னால் நடக்கிறவள் நான். அந்தச் சிலுவையை ஒருநாளும் தொட்டதில்லை.

புறப்படும் முன் பங்குக் கூட்டத்தில் நான் கேட்டது பெரிய விஷயமா? தவக்கால வெள்ளிகளில் நம் கல்மலையில் சிலுவைப்பாதை ஏறும்போது, நின்று ஜெபிக்கும் பதினான்கு நிலைகளில் ஒன்றிலாவது பெண்கள் சிலுவையைத் தூக்கட்டும் என்றேன். பங்குப் பேரவைத் தலைவரான நீ எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "அது கனம் ஜெயா, உங்களால ஆவாது" என்றாய். யாரிடம் சொல்கிறாய்? நீ மேஸ்திரி, நான் உன்னிடம் சித்தாள். செங்கல்லையும் கலவையையும் என் தலையில் ஏற்றி மாடி மாடியாக அனுப்பியவன் நீதானே. அந்த ஆத்திரத்தில்தான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். டிக்கெட் எடுத்துக் கொடுத்த என் மகன் இளவரசன்கூட, "மாமாகிட்ட சொல்லாம போறியே" என்று திட்டினான்.

மாத்திரையை வேளைக்குப் போடு.

கோபமும் பாசமும் குறையாத,
ஜெயக்கொடி

-----

செஞ்சி,
9.3.2023

அன்புத் தங்கை ஜெயக்கொடிக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. பிரிண்டில் மற்றதெல்லாம் மங்கல், நீ திட்டிய இடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அவலூர்பேட்டை வேலையில் கூரை கான்கிரீட் முடிந்தது. நீ இல்லாததால் பூவாயிதான் சித்தாள்களை மேய்க்கிறாள், என்னையும் சேர்த்து.

நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் போய்விட்டிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வேலை வேறு, சிலுவை வேறு. நைனா காலத்திலிருந்து ஆண்கள்தான் தூக்குகிறார்கள். மலையில் யாராவது இடறினால் ஊர் சிரிக்கும், பேச்சு என் தலையில் விடியும். நான் தலைவனாக இருக்கும்வரை அது நடக்காது. புண்ணிய பூமிக்குப் போயிருக்கிறாய், இதையெல்லாம் மறந்து ஜெபம் செய். என் காதுக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்.

உன் அண்ணன்,
தங்கராஜ்

-----

எருசலேம்,
11.3.2023

அன்புள்ள அண்ணா,

நேற்று வெள்ளிக்கிழமை. ஆண்டவர் சிலுவை சுமந்த தெருவிலேயே சிலுவைப்பாதை செய்தோம். பெரிய சாலை என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் கடைகள் நெருக்கிய சந்து அது. மசாலா, செருப்பு, ஸ்கூல் பை என்று எல்லாம் தொங்குகிறது. நாங்கள் பாடிக்கொண்டு போக, கடைக்காரர்கள் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பத் தலைவர்கள் வந்து சிலுவையைத் தூக்குமாறு ஃபாதர் கூப்பிட்டார். ஆண்கள் முறை வைத்துத் தூக்கினார்கள். வழக்கம்போலப் புத்தகம் என் கையில். நாலாம் நிலைவரை கஷ்டமில்லை. ஐந்தாம் நிலையிலிருந்து படிக்கட்டு, நல்ல ஏற்றம். அங்கே திண்டிவனத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் மூச்சு வாங்கிப்போய்ச் சிலுவையைச் சுவரில் சாய்த்துவிட்டார். மற்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

புத்தகத்தை ஃபாதரிடம் கொடுத்தேன். மஞ்சள் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தேன். முடியுமா என்று கேட்டார். "சாரத்துல ஏறி கலவை தூக்குறவ சாமி நானு. இது படிக்கட்டுதானே" என்றேன்.

அண்ணா, கனம்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் உடம்புக்குப் பழகிய கனம். ஆறாம் நிலையில் ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார், கொடுக்கவில்லை. ஏழாம் நிலைவரை நானே சுமந்தேன். அதுவரை வாயசைத்துக்கொண்டு வந்த பெண்களெல்லாம் தெரு முழுக்கக் கேட்கப் பாடினார்கள். எட்டாம் நிலை, ஆண்டவர் எருசலேம் பெண்களைப் பார்த்துப் பேசிய இடம். அங்கே நான் கூப்பிடாமலே நான்கு பெண்கள் தோள் கொடுக்க வந்து நின்றார்கள்.

இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை. போட்டோவை நிலாவுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் காதுக்கும் வேண்டிக்கொண்டேன். உன் மேலிருந்த கோபம் போய்விட்டது, நான் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் தங்கை,
ஜெயக்கொடி

-----

செஞ்சி,
18.3.2023

அன்புத் தங்கைக்கு,

எகிப்தைச் சுற்றிவிட்டு நீ ஊர் திரும்பும் முன் இதைப் படித்துவிடு.

போட்டோவைப் பார்த்தேன். எனக்கு முன்பே செஞ்சியில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள். நேற்று வெள்ளிச் சிலுவைப்பாதைக்காக மலையடிவாரத்துக்கு நாங்கள் போனபோது, பூவாயியும் ஏழெட்டுப் பெண்களும் தோளில் சும்மாட்டோடு சிலுவையைச் சுற்றி நின்றார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். பூவாயி என் காதருகே வந்து கத்தினாள்.

"இன்னா மேஸ்திரி, மூணு மாடிக்கு ஜல்லி ஏத்தச் சொன்னப்ப எங்களால ஆவாதுன்னு சொல்லலியே?"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கே கேட்டது. வழிவிட்டேன்.

வாசிக்க நீ இல்லாததால் புத்தகத்தை என் கையில் திணித்தார்கள். சபை பதில் சொல்லி முடித்ததா என்று ஒவ்வொரு நிலையிலும் உதடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவரும் இடறவில்லை. உச்சியில் சிலுவையை நட்டதும் பெண்கள் கைதட்டினார்கள். தவக்காலத்தில் கைதட்டலாமா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் நானும் தட்டிக்கொண்டிருந்தேன். ஜெயா, கூட்டத்தில் உன்னைப் பார்த்துச் சிரித்தது என் தப்பு. மன்னித்துவிடு.

இப்போது வேறு தலைவலி. புனித வெள்ளிக்குச் சிலுவை தூக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு பெண்கள் கொடுத்துவிட்டார்கள். ஐந்திலிருந்து ஏழுவரை உனக்கென்று அவர்களே ஒதுக்கிவிட்டு, மீதிக்குச் சண்டை போடுகிறார்கள். ஆண்களுக்கு இடமே இல்லை. பேரவைத் தலைவன் என்று சொல்லிப் பார்த்தேன், கூட்டத்தில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று பூவாயி சொல்லிவிட்டாள்.

நீ சொன்னால் கேட்பார்கள். எனக்கு ஒரு நிலை வாங்கிக் கொடு. எதுவாக இருந்தாலும் சரி.

உன் அண்ணன்,
தங்கராஜ்