கதவு என்று சொல்ல வேண்டியவள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று கிளைடர்கள். இன்ஜின் இல்லாத அந்த நீள இறக்கைக்காரர்களை என் விமானத்தின் வாலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஏறுவேன். உயரம் போதும் என்றதும் அவர்கள் கயிற்றைக் கழற்றிக்கொண்டு மிதந்துபோவார்கள். நான் மட்டும் திரும்பி வருவேன். வார நாட்களில் இதுதான் பிழைப்பு. சனி, ஞாயிறு என்றால் பாராசூட்காரர்கள். அவர்களும் பாதி வழியில் என்னை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான்.

முதலாளி புது டேப்லெட் வாங்கித் தந்திருக்கிறார். தொடையில் பட்டையால் கட்டிக்கொண்டேன். அதிலிருக்கும் செயலி கெட்டிக்காரச் சரக்கு. எந்த உயரத்தில் எவ்வளவு காற்று என்ற முன்கணிப்பை வாங்கிக்கொண்டு, குதிக்கிறவர்கள் வெளியேற வேண்டிய இடத்தைப் பச்சைப் புள்ளியாகக் காட்டுகிறது. பக்கத்தில் பறக்கும் விமானங்கள் அம்புக்குறிகள். பாராசூட் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கிளைடரை இழுக்கும்போது அதற்குள் நுழையவே கூடாது.

"ஆப்பு ஆப்புன்னு கொண்டாடுற. ஒரு நாள் உனக்கே ஆப்பு வைக்கப் போகுது" என்றார் வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எட்டாவது மாடிக்கு மேல் அவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது.

சாப்பிடும்போது மகள், உப்பு கேட்கிற மாதிரி சொன்னாள்: "அம்மா, சனிக்கிழமை நானும் உன் ப்ளேன்ல வரேன்."

"எதுக்கு?"

"ஏறுறதுக்கு மட்டும்தான். இறங்கறதை நான் பாத்துக்கறேன்."

குதிக்கிற பயிற்சியை முடித்தே விட்டாளாம். எங்கள் குதிப்பு மாஸ்டரிடம். அப்பாவுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மாஸ்டர் தினமும் என்னோடுதான் டீ குடிக்கிறார் — ஒரு வார்த்தை?

மார்ச் 6, வியாழன்

அவளுக்கு இருபது வயது. என் அனுமதி தேவையில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளை மேலே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் அம்மா இல்லையா? அப்போது ஏன் எனக்கு இது தோன்றவில்லை?

மார்ச் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகளையும் சேர்த்து மூன்று மாணவர்கள், மாஸ்டர், நான். மகள் என் இருக்கைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முதல் சில தடவை அவர்கள் எதையும் இழுக்க வேண்டாம். விமானத்தோடு கட்டிய பட்டையே பாராசூட்டைத் திறந்துவிடும். தெரியும். தெரிந்து என்ன?

புள்ளி வந்ததும் நான் இன்ஜினைத் தணித்து, "கதவு!" என்று கத்த வேண்டும். மாஸ்டர் திறப்பார். அவ்வளவுதான் என் வேலை. ஒரே ஒரு சொல்.

பச்சைப் புள்ளி வந்தது. போனது. நான் வாயைத் திறக்கவில்லை. "மேகம்" என்றேன். மேகம் எங்கேயோ இருந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். மறுபடி புள்ளி. "காத்து சரியில்ல" என்றேன். ஒருவரையும் இறக்காமல் அப்படியே கீழே கொண்டுவந்துவிட்டேன்.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காத்து நல்லாத்தான் இருந்துச்சு. உன் மனசுலதான் புயல் அடிச்சுது."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

பேச்சு இல்லை. தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மார்ச் 12, புதன்

சமையலறை மேசையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு காற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கூட்டினால் புள்ளி ரயில் பாதைப் பக்கம் நகர்கிறது. குறைத்தால் ஓடுபாதைக்கு வருகிறது. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

"நானும் தினம் ஆளுங்களை மேல ஏத்தி இறக்கறவன்தான்" என்றார் இவர். "இவ்வளவு யோசிச்சா ஒரு லிஃப்டு கூட ஓடாது."

"உங்க லிஃப்டுக்குத் தரை இருக்கு."

"அவளுக்கும் இருக்கு. கொஞ்சம் கீழ."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. உடனே அழுகையும் வந்தது. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 14, வெள்ளி

கடைசியில் பேசினாள். செருப்பு மாட்டிக்கொண்டே.

"ஞாயித்துக்கிழமை மீசை அண்ணன் ஓட்டட்டும். நீ ஓட்டுனா நான் ஏற மாட்டேன்."

மீசை, எங்கள் இன்னொரு பைலட். நல்ல கைக்காரன். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். மாஸ்டர் என்னைக் கிளைடர் பக்கம் மாற்றிவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

கயிற்றின் மறுமுனையில் பல் டாக்டர். ஓய்வு பெற்றவர், வாராவாரம் கிளைடரில் வருகிறவர். அவரை இழுத்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். திரையில் மீசையின் விமானம் நீல அம்பாக வட்டத்தை நோக்கிப் போனது. நான் அந்த அம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் மீசை, "இன்னும் ரெண்டு நிமிஷத்துல குதிக்கிறாங்க" என்றான்.

அப்போது திரை அணைந்தது. வெயில் நேராக டேப்லெட் மேல் விழுந்து கொதித்துப்போயிருந்தது. சூடு ஆறட்டும் என்று ஒரு வரி மட்டும். தட்டினேன். சட்டையால் மூடி நிழல் கொடுத்தேன். வரவில்லை.

வந்திருந்தாலும் என்ன? அது விமானத்தைத்தான் காட்டும். விமானத்திலிருந்து விழுகிற பிள்ளையை எந்த ஆப் காட்டும்?

கழுத்தை இடப்பக்கம் திருப்பினேன். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் — ஒரு கொஞ்சம்தான் — விமானமும் என்னோடு சாய்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கண் போன பக்கம் கையும் போயிருக்கிறது.

"அம்மா, எங்க கூட்டிட்டுப் போறீங்க?" ரேடியோவில், பின்னாலிருந்து டாக்டரின் குரல். பல்லைப் பிடுங்கும் முன் பேசுவாரே, அந்த நிதானம். "நமக்கு அந்தப் பக்கம் இல்லையே."

பார்த்தேன். மூக்குக்கு நேரே குதிக்கிறவர்களின் வெளி. என் மகள் தொங்கிக்கொண்டிருக்கும் காற்றுக்குள், சுழலும் இன்ஜினோடும் பின்னால் ஒரு கயிற்றோடும் நானே போய்க்கொண்டிருந்தேன்.

சட்டென்று திருப்பவும் முடியாது. கயிற்றில் ஓர் உயிர் இருக்கிறது. மெதுவாக, மிக மெதுவாக, வலப்பக்கம் சாய்த்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராகப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றதிலிருந்து இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று நான் செய்ததில்லை.

"மூணு குடை விரிஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர். "உங்க பொண்ணு எதுன்னு தெரியல. ஆனா மூணும் முழுசா விரிஞ்சிருக்கு."

பிறகு கயிற்றைக் கழற்றிக்கொண்டு போனார். நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

அவள் வேலிக்கு அப்பால் உழுத நிலத்தில் இறங்கியிருந்தாள். முழங்கால் முழுக்கச் சேறு, முகம் முழுக்கப் பல். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "மேலேர்ந்து உன் ப்ளேனைப் பாத்தேன்மா! பின்னால குட்டியா கிளைடர். கொஞ்ச நேரம் என்கிட்டயே வர்ற மாதிரி இருந்துச்சு."

அவள் பாராசூட்டை அள்ளி என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை. மீசையும் கவனிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது காற்றோடு போகும்.

போகட்டுமா?

மார்ச் 18, செவ்வாய்

மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். முழுதும். அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

குதிப்பு நடக்கும் நாட்களில் நான் ஒரு மாதம் பறக்கக் கூடாது. அதன் பிறகு மீசை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். என்னைவிட எட்டு வயது சின்னவன். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 19, புதன்

மகளிடமும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ இனிமே நீயே என்னை ஏத்திட்டுப் போ" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"நீ வெளிய சுத்துனா எனக்குத்தான் ஆபத்து. என் ப்ளேன்லயே இருந்தா நீ எங்க இருக்கேன்னாவது எனக்குத் தெரியும்."

கிண்டலா, நிஜமா? அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் பிள்ளைதான்.

மார்ச் 30, ஞாயிறு

தரையிலிருந்து பார்த்தேன். குதித்தாள். கழுத்து வலிக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

சொன்னேன். "கதவு" என்ற குரல் கீச்சென்று வந்தது. மாஸ்டர், "என்னது?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். திறந்தார். போனாள். பக்கத்திலிருந்த மீசை தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மே 25, ஞாயிறு

ஆறு தடவை ஏறி இறங்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்றாவது ஏற்றத்தில் காற்று மாறிவிட்டது. செயலி பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தது. விமானம் வேறு பக்கம் சறுக்கியது. அதன் புள்ளியை விட்டுவிட்டு ஓடுபாதைக்கு இந்தப் பக்கமாகவே கதவு சொன்னேன். எல்லோரும் புல்லிலேயே இறங்கினார்கள். வால் சக்கரத்தில் காற்று குறைவு. நாளை பார்க்க வேண்டும்.

சாப்பிடும்போது மகள் அப்பாவிடம் முறையிட்டாள்: "மூணாவது தடவை நான் கடைசிப்பா. போறதுக்கு முன்னாடி அம்மா தோளைத் தட்டினேன். 'ம், சீக்கிரம், சீக்கிரம்'ங்கறா. யாரோ எவரோ மாதிரி!"

இவர் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டார்.

உண்மைதான். தோளில் ஒரு கை பட்டது நினைவிருக்கிறது. முகத்தைப் பார்க்கவில்லை. காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.