விரிசலை மூடும் சூடு

ஒகாயா,
பிப்ரவரி 11

அன்பு மகள் சிசுருவுக்கு,

ஏரி உறைந்து கிடக்கும் ஒகாயாவிலிருந்து, கண்ணாடித் தூள் தின்றே கொழுத்த சக்கரவர்த்தியும் உன் ஒரே சித்தப்பாவுமான கத்சுஹெய் எழுதுவது. இங்கே குளிர் எப்படி என்றால், நேற்று நான் போட்ட தும்மல் இன்னும் வாசலில் தொங்குகிறது. சித்தி நலம். உனக்கு நொசாவனாக் கீரை ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள்.

கல்யாண விருந்தில் வாழ்த்திப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். பேசியே ஏரியை உருக்கிவிடுவேன். ஆனால் 'வெட்டு', 'உடை', 'பிரி' எல்லாம் அபசகுனம், அந்த மேடையில் வாயில் வரக்கூடாதே! ரத்தத் துளியைச் சோதிக்கும் கண்ணாடித் தகட்டில் முடியைவிட மெல்லிய வாய்க்கால் வெட்டிப் பிழைக்கிறவன் வேறு என்னத்தைப் பேசுவது? ஒத்திகை பார்த்தேன். வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பேச வேண்டியவர் உன் அப்பா.

மாப்பிள்ளை மோரியோ ஏற்கெனவே ஒரு கல்யாணம் முறிந்தவர் என்று நீ சொன்ன அன்று, "ஒரு தடவ விரிசல் விட்ட கண்ணாடி மறுபடி அதே எடத்துலதாம்மா உடையும்" என்றார் அண்ணன். நீ பையைத் தூக்கிக்கொண்டு சப்போரோ போய்விட்டாய்.

இப்போது அவர் செய்வதைக் கேள். எங்கள் பட்டறையில் வாய்க்கால் ஓரம் விரிசல் கண்டு கழித்த தகடுகளைப் பொறுக்கி, உலையில் வைத்துச் சூடாக்குகிறார். பதமான சூட்டில் சின்ன விரிசல் தானே மூடிக்கொள்ளுமாம். சூடு குறைந்தால் விரிசல் அப்படியே நிற்கிறது; கூடினால் வாய்க்காலும் சேர்ந்து மூடிவிடுகிறது. கெட்ட தகடு ஃபுஜி மலை உயரத்துக்குக் குவிந்துவிட்டது.

"யாருண்ணா கேட்டா இந்தச் சரக்க?" என்றேன். "வாய மூடுடா. ஒண்ணாவது சேரட்டும், கல்யாணத்துக்குப் போலாம்" என்றார். சேரலேன்னா என்று கேட்டதும் உருப்பெருக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். தன் சொல்லைத் தானே பொய்யாக்காமல் உன் முகத்தில் விழிக்கக் கூசுகிறது அவருக்கு.

நான் சும்மா இருப்பேனா? உலையில் ஒரு நல்ல தகட்டை மாற்றி வைத்தேன். எடுத்துப் பார்த்தவர், "திருட்டுப்பயலே, இது உடஞ்சதே இல்லடா!" என்று முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் வெகுநேரம் அந்தத் தகட்டையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடி சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, மகளே. அதற்காகக் காத்திருக்காதே. மேடையில்தான் சொற்களுக்குத் தடை, ஃபோனில் இல்லை. நீ திட்டினாலும் கேட்டுக்கொள்வார். ஒரு தடவை கூப்பிடம்மா.

நீயும் மோரியோவும் ரொம்ப காலம் சேர்ந்திருங்கள். பார், வாழ்த்துரைக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. மிச்சத்தை உன் அப்பா வந்து பேசட்டும்.

உன் சித்தப்பா,
கத்சுஹெய்