பீரோவுக்குள் இருக்கும் என் பட்டம்

மாமா,

இன்று காலை எங்கள் செக்யூரிட்டி ஆபீஸ் முழுக்கப் பலாச்சுளை வாசனை. வெள்ளிமலையிலிருந்து வேலை கேட்டு வந்த பெண் எனக்கென்று ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் உன் குட்டியானை வண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. பலா லோடு அடித்த நாளில் உனக்கு முன்னால் அந்த வாசனைதான் வீட்டுக்குள் நுழையும். ஒரு சுளைகூடத் தின்னவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அவள் கையில் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் நான் வாங்கிய அதே பட்டம், பி.ஏ. குற்றவியல்.

நம் கல்யாணப் பேச்சு நினைவிருக்கிறதா? "போலீசு படிப்பு படிச்ச பொண்ணு. ரெண்டு பவுன் கம்மியா போடுங்க, பரவால்ல" என்று உன் அம்மா சொன்னதும் என் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். கட்டின பீசில் கொஞ்சம் அங்கேயே திரும்பிவிட்டதே! யோசித்துப் பார்த்தால், அந்தப் பட்டத்தால் இன்றுவரை கிடைத்த பெரிய லாபம் அந்த ரெண்டு பவுன்தான்.

உனக்கு என்னைக் கிண்டல் பண்ணாமல் பொழுது போகாது. ஏன் லேட்டு என்று கேட்டால் போதும், "ஐயையோ, விசாரணை ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாய். ஆனால் போலீஸ் பரீட்சை கோச்சிங்குக்கு நீதான் பணம் கட்டினாய். அந்தக் காசுக்குக் கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்று அத்தை முணுமுணுத்தபோது, "வண்டி இன்னிக்கி சம்பாரிக்குது, இவ படிப்பு நாளைக்கி சம்பாரிக்கும். இன்னா அவசரம்?" என்றாய். நாளைக்கு என்று சொன்ன மனுஷன் நெஞ்சுவலி என்று படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. பாவி, எனக்கு இன்னும் உன்மேல் கோபம் ஆறவில்லை.

வண்டியை விற்றோம். நான் கள்ளக்குறிச்சியில் இந்தச் செக்யூரிட்டி கம்பெனி மூலமாக ஒரு ஜவுளிக்கடை வாசலில், பெண்களின் பையைச் சோதிக்கிற வேலையில் சேர்ந்தேன். பட்டம் இருப்பதால் நான் சூப்பர்வைசர். என்னோடு நிற்கிற பத்மா அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. அவளைவிட எனக்கு ஐந்நூறு ரூபாய் ஜாஸ்தி. அந்த ஐந்நூறுக்காக என் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி மேனேஜர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பத்மா அக்கா நினைத்த அன்று வேலையை உதறிவிட்டுப் போகலாம். படித்த நான் போக முடியாது.

பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன், மாமா. ஓட்டத்திலும் பாஸ். வயது தாண்டிவிட்டதே என்று பயந்தேன். விதவைக்குச் சலுகை உண்டாம். நீ செத்ததில் எனக்குக் கிடைத்த சலுகை! அந்தச் சலுகை வயதும் இந்த வருஷத்தோடு முடிகிறது. நாளைக்கு சர்டிபிகேட் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு விழுப்புரத்தில் நிற்க வேண்டும்.

மேனேஜரிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "உனக்குப் பதிலா டிகிரி முடிச்ச ஆளு ஒண்ணு கொண்டாம்மா. அவ ஒரிஜினல வெச்சிட்டு உன்னுத எடுத்துக்கினு போ" என்றார். இப்படிப் பிடித்து வைப்பது தப்பு என்று எனக்குத் தெரியாதா? அதைத்தானே படித்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரித்தார். "கடையில பொடவ காணோம்னு ஒரு கம்ப்ளெயிண்டு போதும். உம்மேல கேசு இருந்தா எவன் போலீசுல சேப்பான்?"

அப்படிப்பட்ட நேரத்தில்தான், நான் தேடாமலே, இந்தப் பெண் வந்து நின்றாள். மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஒரிஜினல் கேக்குறாங்க. குடுத்துடட்டுமா?" என்று கவரை நீட்டினாள்.

குடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பீரோ திறந்துவிடும். நம் பாப்பாவுக்கு நல்ல ஸ்கூல், அரசாங்கச் சம்பளம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அந்தப் பாழாய்ப்போன பலா வாசனை! கல்யாணமான புதிதில் மலையிலிருந்து லோடோடு இறங்கினோமே, அந்த வளைவு கண்ணில் வந்து நின்றது. எதிரே ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் ஏறி வந்தது. நீ வண்டியை நிறுத்தி, பின்னுக்கு எடுத்து ஒதுங்கினாய். நாம்தானே முதலில் வந்தோம் என்று நான் கத்தினேன். "மேல ஏர்ற வண்டிய நிறுத்தக் கூடாது புள்ள. நின்னா அது மறுபடி எடுக்காது" என்றாய்.

"குடுக்காத" என்றேன் அவளிடம். "ஒரிஜினலு வூட்ல கீதுன்னு சொல்லு. ஜெராக்ஸ வெச்சி வேல குடுத்தா சேரு. இல்லன்னா இப்பவே பஸ் ஏறு." அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, டப்பாவைக்கூடத் திரும்பக் கேட்காமல் போய்விட்டாள். மேனேஜர் பீரோ சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாளைக்கு விழுப்புரத்தில் என் பேரைக் கூப்பிடுவார்கள். நான் இங்கே ஜவுளிக்கடை வாசலில் யார் பையையோ திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பெருமையாக ஒன்றும் இல்லை, மாமா. வயிறு எரிகிறது. உன் வண்டி போய்விட்டது, நீ சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று உன்னைக் கேட்க வேண்டும். அன்றைக்கு அந்த வளைவில் நமக்குப் பின்னால் பள்ளம் இருந்ததே, எப்படி அவ்வளவு நிதானமாக ரிவர்ஸ் எடுத்தாய்?