அக்கரைக்குக் கடைசி நடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே உடம்புக்குக் குறையில்லை, அப்பாவின் மூட்டுவலி மழைக்கு முன்னால் வந்து மழையோடு போகிறது. மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நம் படகுத்துறையை மூடிவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை ஆற்றுக்குக் குறுக்கே இருந்த இரும்பு வடத்தை அறுத்தாகிவிட்டது. கீழே பாலம் வந்தபோதே தெரிந்ததுதான். அக்கரைக் குடியிருப்பில் கடைசியாக இருந்த தேன்காரர் குடும்பமும் போன வருஷமே இறங்கிப் போய்விட்டது, இனி அந்த மலை முழுவதும் காட்டுக்கே என்று உத்தரவு. காடாகவே இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் தம்பி அங்கேதானே கிடக்கிறான். பாறை சரிந்து அவன் போன அன்றைக்கு ஆற்றில் வெள்ளம், இக்கரைக்குக் கொண்டுவர வழியில்லாமல் தேன்காரர் வீட்டுப் பேரிக்காய் மரத்தடியிலேயே அடக்கம் செய்தோம். இத்தனை நாளும் அப்பா வாரம் தவறாமல் வடத்தைப் பிடித்துப் படகை இழுத்து என்னைக் கூட்டிப்போவார், நான் புல்லைப் பிடுங்கிவிட்டு அவனோடு கொஞ்சம் பேசிவிட்டு வருவேன். இனி அதற்கும் வழியில்லை.

காட்டிலாகா அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தோம். நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும். அனுமதி வேணும்னா வாங்கித் தரேம்மா, பாலத்துலேருந்து அந்த மலைக்குப் பாதை கிடையாதே, படகு இல்லாம எப்படிப் போவீங்க என்று அவளே கலங்கினாள். பிறகு ஆறுதலுக்கு, இங்க பழங்காலப் படகுத்துறைன்னு பலகை வைக்கப்போறோம், மலைக்குள்ள முதல்ல குடியேறினவங்க எல்லாரும் இது வழியாத்தானே போனாங்க என்றாள். காலையில ஷேவ் பண்ணும்போதுகூட நல்லாத்தானே இருந்தேன், அதுக்குள்ள பழங்காலம் ஆயிட்டேனா என்று அப்பா கேட்டார். அவள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. பாலத்துப் பக்கம் எங்களுக்கு இரண்டு அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். அப்பா குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், வீணாகுதுங்க என்று நான்தான் மூடவேண்டியிருக்கிறது.

வடத்தை அறுப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்வர விட்டார்கள். மரத்தடியைப் பெருக்கினேன், அவனிடம் சொல்லிக்கொண்டேன், படகில் ஏறினோம். அக்கரையை விட்டுக் கிளம்பும்போது அப்பா என்ன செய்வார் என்று உனக்குத் தெரியுமே. மலையைப் பார்த்து, யாராச்சும் இருக்கீங்களா, படகு கிளம்புது என்று மூன்று தரம் குரல் கொடுப்பார். யாராவது ஓடிவந்தால் ஏற்றிக்கொள்வார், வராவிட்டால், படகில் இருப்பவர்தான், யாருமில்லை இழுங்க என்று சொல்லவேண்டும், அந்தப் பதில் வராமல் வடத்தில் கை வைக்கமாட்டார். ஒரு ஆளைக் காட்டில் விட்டுவந்த துறை என்ற கெட்ட பேர் வரக்கூடாது என்று அவர் அப்பா காலத்திலிருந்தே வந்த பழக்கம். காலி மலை என்று தெரிந்தும் அன்றைக்கும் குரல் கொடுத்தார். மூன்று தரமும் கொடுத்தார். அப்புறம் வடத்தைத் தொடாமல் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்க்கரையில் வடத்தை அறுக்க ஆட்கள் காத்திருந்தார்கள், அதிகாரிப் பெண் பார்க்கமாட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டாள். படகில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல. யாருமில்லைங்க, இழுங்க என்று நான்தான் சொன்னேன். பெற்ற பிள்ளையை அங்கே வைத்துக்கொண்டு யாருமில்லை என்று இந்த வாயால் சொன்னேன் கண்ணு. அவர் இழுத்தார்.

அப்பா ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து தேநீர் போட்டுக் கையில் கொடுக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ வேலையிலிருந்து இருட்டில் தனியாக நடந்து வராதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசும்போது ஆற்றைப் பற்றிக் கேட்காதே, தம்பி பேரைச் சொல்லிப் பேசு. எங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவிடாதே. அவன் பேரை யாராவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உனக்கும் உன் தம்பிக்கும் அம்மா